எந்த மதிப்பெண்ணை அனுப்புவது?

மாட்டுங்கா, செம்பூர், தாராவிப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நுழைவுத் தேர்வு புதிதன்று. 1887இல் நிறுவப்பெற்று, இன்று மாட்டுங்காவில் இயங்கும் வி.ஜே.டி.ஐ. கல்லூரியில் இடம்பெறும் கனவோடு பிள்ளைகள் ஆண்டுதோறும் தேர்வெழுதுகின்றனர். ஜே.இ.இ. மெயின் தேர்வைச் சனவரியிலும் ஏப்ரலிலும் எழுதினால், உயர்ந்த மதிப்பெண்ணைத் தேர்வு முகமையே தரவரிசைக்கு எடுத்துக்கொள்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான எஸ்.ஏ.டி. தேர்விலோ, எதை அனுப்புவது என்ற முடிவு பெரும்பாலும் மாணவருடையது.

ஒரு கணக்கு

இத்தேர்வில் மொழி, கணிதம் என இரு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 800 வீதம் மொத்தம் 1600. செம்பூர் மாணவி ஒருவர் மும்முறை எழுதியதாகக் கொள்வோம். முதன்முறை மொழியில் 640, கணிதத்தில் 760, கூடுதல் 1400. இரண்டாம் முறை 700, 720, கூடுதல் 1420. மூன்றாம் முறை 630, 740, கூடுதல் 1370.

1420 மட்டும் போதும் என்றே பெற்றோருக்குத் தோன்றும். ஆனால், பல கல்லூரிகள் வெவ்வேறு நாள்களில் பெற்ற பகுதி மதிப்பெண்களில் உயர்ந்தவற்றைச் சேர்த்துப் பார்க்கின்றன. முதலிரண்டையும் அனுப்பினால் 700, 760 சேர்ந்து 1460 ஆகும். மூன்றாவதால் பயனில்லை, அதை விட்டுவிடலாம். ஒரு நாளின் முழு மதிப்பெண்ணைத்தான் அனுப்பவோ நிறுத்தவோ இயலும். ஒரு பகுதியை மட்டும் பிரித்து அனுப்ப இயலாது.

கல்லூரிக்கொரு விதி

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் எழுதிய எல்லாத் தேர்வுகளின் மதிப்பெண்களையும் கேட்கிறது. எம்.ஐ.டி. 2022இல் தேர்வை மீண்டும் கட்டாயமாக்கியது. கலிபோர்னியா பல்கலைக்கழகமோ சேர்க்கை முடிவில் இம்மதிப்பெண்ணைப் பார்ப்பதேயில்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டில் கல்லூரியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது நலம்.

மாணவர் விருப்பத்திற்கு விடும் கல்லூரிகளில், சேர்ந்த மாணவர்களின் நடுப்பாதியினர் பெற்ற மதிப்பெண் வரம்பை ஒப்பிடுக. அவ்வரம்பிற்குள் இருந்தால் அனுப்புவதே பெரும்பாலும் நன்று. சற்றுக் குறைந்தாலும் அஞ்சி மறைத்துவிட வேண்டாம். பின்தங்கிய சூழலிலிருந்து வந்த அமெரிக்க மாணவர் சிலர், தமக்குத் துணைசெய்திருக்கக்கூடிய மதிப்பெண்ணையே அனுப்பாமல் விட்டனர் என்று டார்ட்மத் கல்லூரியின் ஆய்வு 2024இல் சுட்டிக்காட்டியது. மதிப்பெண்ணை மாணவரின் பள்ளிச் சூழலோடு வைத்து அக்கல்லூரி மதிப்பிடுகிறது. தாராவியில் ஒற்றை அறை வீட்டில் பயின்று, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளையும் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

செலவும் முன்னேற்பாடும்

தேர்வு முடிந்த ஒன்பது நாள்களுக்குள் நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக மதிப்பெண் அனுப்பலாம். ஆனால், அப்போது முடிவு வெளியாகியிராது. பாராமலே அனுப்ப நேரும். அதன்பின் ஒவ்வொரு கல்லூரிக்கும் டாலரில் கட்டணம் உண்டு. பல கல்லூரிகள் விண்ணப்பத்தில் மாணவரே குறிப்பிடும் மதிப்பெண்ணை ஏற்று, சேர்க்கை உறுதியான பின்னரே அதிகாரப்பூர்வச் சான்றைக் கேட்கின்றன. அத்தகைய கல்லூரிகளைக் கண்டறிந்தால் பணம் மிச்சமாகும்.

ரிசர்வ் வங்கி 2020இல் கொணர்ந்த விதிப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டிற்கு மட்டுமே திறந்து வழங்கப்படுகின்றன. எனவே, வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியைக் கடைசி நாளுக்கு முன்பே கைப்பேசிச் செயலியிலோ கிளையிலோ இயக்கிவைத்துக்கொள்ளுங்கள். கல்விக் கடன் தேவைப்படும் எனில், கல்லூரிப் பட்டியலை இறுதிசெய்யும் முன்னரே கிளை மேலாளரை அணுகுங்கள். குடும்பத்தால் தாங்கக்கூடிய செலவு தெரிந்தால், எந்தெந்தக் கல்லூரிக்கு மதிப்பெண் அனுப்புவது என்பதும் எளிதில் தெளிவாகும்.