பருவக்காற்றும் பாரசீகத் திருச்சபையும்

சமயங்கள் பரவிய வரலாற்றை ஆராய்வோர், அறவோரின் நாவன்மையையும் அரசரின் ஆதரவையுமே பெரிதும் எடுத்துரைப்பர். அவ்விரண்டற்கும் முற்பட்டது வழி. தொடக்க நூற்றாண்டுகளிலே கிறித்து சமயம் ஈழநாட்டை எய்தியமையும், எய்திய பின்னர் வேரூன்றாது மறைந்தமையும் அது வந்த வழியின் இயல்பைக் கொண்டே விளங்கற்பாலன.

மேற்றிசையிற் பவுலடிகளின் பயணங்களுக்கு உரோமரின் கல்பாவிய சாலைகள் துணைபுரிந்தன. கீழ்த்திசையில் அச்சாலைகளின் இடத்தைப் பெற்றது பருவக்காற்று. கோடையிற் செங்கடல்வாயினின்றும் புறப்பட்ட மரக்கலங்கள் தென்மேல் காற்றால் நாற்பது நாள் அளவில் முசிறியை அடைந்தன. மார்கழியை அடுத்து வடகீழ்க் காற்றால் மீண்டன. காற்று மாறுங்காறும் வணிகர் துறைமுகங்களிலே தங்கியிருத்தல் இன்றியமையாததாயிற்று.

இதற்குப் புத்தளக் கரையே சான்று தரும். குளோடியசு மன்னன் காலத்தில் (கி.பி. 41–54), அன்னியசு புளோக்காமசு என்பானிடம் பணிபுரிந்த ஒருவன் அராபியாவைச் சுற்றிச் செல்லுங்கால் வாடைக்காற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கையின் இப்பூரோசு துறையை அடைந்தான் எனவும், ஆறு திங்கள் அரசனின் விருந்தினனாகத் தங்கினான் எனவும் பிளினி எழுதினார். அத்துறை புத்தளத்துக்கு வடக்கே உள்ள குதிரைமலை என்பது அறிஞர் பலரின் துணிபு.

இவ்வாறு திங்கட்கணக்கில் தங்குவோர்க்குப் பண்டசாலை வேண்டும். இறந்தோரை அடக்க இடம் வேண்டும். வழிபடவும் ஓரிடம் வேண்டும். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா வணிகர் காசுமாசு, இலங்கையிலே பாரசீகக் கிறித்தவரின் திருச்சபை ஒன்று இருந்ததென்றும், அதன் குரு பாரசீகத்தில் நியமனம் பெற்று வந்தவரென்றும், நாட்டு மக்களும் மன்னரும் வேறு சமயத்தினரென்றும் குறித்தார். 1912இல் அநுராதபுரத்திற் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை அக்கூற்றுக்கு அரண் செய்கின்றது. அந்நகரிலிருந்து அருவியாறு மன்னார்க் கடலை நோக்கி ஓடுகின்றது. திருக்கேதீச்சரம் விளங்கும் மாதோட்டமே அக்கரையின் பெருந்துறை. கலா ஓயாவோ புத்தளக் களப்பிற் சென்று கலக்கின்றது. கடல்வழி வந்தோர் தலைநகர் புகுதல் அரிதன்று.

ஆயின் அச்சபை நிலைத்ததா? 1505இற் போர்த்துக்கேயர் வந்தபோது அதன் தொடர்ச்சி எதுவும் இத்தீவிற் காணப்படவில்லை. சேரநாட்டிலோ பழைய கிறித்தவ சமுதாயம் தழைத்திருந்தது. அங்கும் ஆயரை அனுப்பியது பாரசீகமே, எனினும் கி.பி. 849இற் பொறிக்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடுகள், கொல்லத்துத் திருச்சபைக்கு நாட்டுத் தலைவன் அய்யனடிகள் நிலமும் குடிகளும் உரிமைகளும் அளித்தமையைக் கூறுகின்றன. அச்சபை கரையைக் கடந்து மண்ணைப் பற்றிற்று. ஈழத்துச் சபையோ, நாம் அறிந்த அளவில், அயல் வணிகரின் சபையாகவே இருந்தது.

651இற் சாசானியப் பேரரசு வீழ்ந்தது. கடல்வழி அழியவில்லை, அதன்மேற் செல்வோரே மாறினர். அராபியரும் பாரசீக முசிலிம்களும் அவ்வாணிகத்தை நடத்தினர். 1344இல் இபன் பத்தூத்தா 'பத்தாலா' எனக் குறித்த புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டபோது, அம்மன்னன் பாரசீகமொழி அறிந்திருந்தான் என்று எழுதினார். மொழி எஞ்சிற்று, சபை எஞ்சவில்லை.

இதே கரையினின்றும் பின்னொரு காலத்திற் கோவாவைச் சேர்ந்த யோசேப்பு வாசு அடிகள் உள்நாடு புகுந்தார். 1687இல் ஈழம் வந்த அவர், தமிழும் சிங்களமும் பயின்று, 1692இற் புத்தளத்திலிருந்து வணிகர் செல்லும் வழியே கண்டியை அடைந்தார். ஒற்றனென ஐயுற்றுச் சிறைவைக்கப்பட்டும் பணியைக் கைவிட்டாரல்லர். வழி வணிகருடையதே, பேசியதோ நாட்டு மக்களின் மொழி.

காற்று விதையைக் கொணரும். முளைப்பது மண்ணின் உறவாலாகும். எந்தச் சமயத்துக்கும் எந்தக் கல்விக்கும் இது பொருந்தும்.