கடவுச்சொல்லில் பிழையில்லை

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ, இரவில் திறன்பேசியின் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு உறங்கியவர், காலையில் அலுவலக மின்னஞ்சல் இயங்காதது கண்டு முதலில் தம் கடவுச்சொல்லையே ஐயுறுவார். பலமுறை தவறாக உள்ளிட்டுக் கணக்கே பூட்டப்படுவதும் உண்டு.

2017 செப்டம்பர் 19ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் ஐஓஎஸ் 11ஐ வெளியிட்டது. மைக்ரோசாப்டின் ஆபிஸ் 365, விண்டோஸ் சர்வர் 2016இல் இயங்கிய எக்ஸ்சேஞ்ச் 2016 ஆகியவற்றில் கணக்கு வைத்திருந்தோர் பலரால் ஐபோனின் அஞ்சல் செயலிவழி மடல் அனுப்ப இயலவில்லை. வழங்கி மடலை ஏற்க மறுத்ததாக அறிவிப்பு வந்தது. கடவுச்சொல் சரியாகவே இருந்தது; பேசியும் வழங்கியும் தமக்குள் உரையாடும் நெறிமுறையில்தான் பிணக்கு. ஒரு தரப்பு மட்டும் நடையை மாற்றிக்கொண்டால் மறுதரப்புக்கு விளங்காது என்பது மொழி கற்பிப்போர் அறியாததன்று. செப்டம்பர் 26இல் வந்த 11.0.1 அதனைச் சீர்செய்தது. அதுவரை, மைக்ரோசாப்டின் அவுட்லுக் செயலியை நாடியோர் தப்பினர்.

அதற்காகப் புதுப்பிக்காமலே இருந்துவிடலாம் என்பார்க்கு மறுபக்கமும் உண்டு. 2022 அக்டோபர் 1 முதல், எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் கடவுச்சொல்லை மட்டும் கேட்கும் பழைய நுழைவுமுறையை மைக்ரோசாப்ட் படிப்படியாக நிறுத்தியது. புதிய முறை அறியாப் பழைய செயலிகளே அப்போது வாசலில் நின்றன.