முதுகில் தொட்டில் சுமக்கும் தகப்பன்

பிள்ளை வளர்ப்பதில் புருஷர்களின் பங்கு என்ன என்று வீட்டில் வாதம் எழுந்தால், பெண்கள் கட்சிக்குச் சாட்சி சொல்ல ஒரு பூச்சி இருக்கிறது.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் ஏரிகளுக்குக் குறைவில்லை. பறவைகளுக்குப் பேர்போன கரைவெட்டி ஏரி 2024-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலேயே ஏறிவிட்டது. அந்தப் பக்கம் போகிறவர்கள் பறவைகளைப் பார்த்த கண்ணைச் சற்றுத் தாழ்த்திக் கரையோரத் தண்ணீரையும் கவனிக்கலாம். புளியங்கொட்டை அளவில், பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சி தென்படக்கூடும். தென்னிந்தியக் குளம் குட்டைகளில் சகஜமாகத் திரிவதுதான். சாஸ்திரப் பெயர் டிப்ளோனிகஸ் ரஸ்டிகஸ். கொசுப் புழுக்களுக்கு யமன். சிலவற்றின் முதுகு நிறைய முட்டைகள் ஒட்டியிருக்கும்.

சுமப்பது தாய் என்றுதான் வெகு காலம் நம்பினார்கள். அமெரிக்காவில் ப்ளாரன்ஸ் வெல்ஸ் ஸ்லேட்டர் என்ற பெண்மணி, இந்தக் குடும்பத்துப் பூச்சி ஒன்றை ஆராய்ந்து, அது தகப்பன்தான் என்று 1899-ல் காட்டினார். பெண்பூச்சி அவனை மடக்கிப் பிடித்து முட்டைகளைச் சுமத்துகிறது, அவனுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை என்பது அந்த அம்மாளின் கட்சி. அது அபாண்டம்! பிற்பாடு ராபர்ட் ஸ்மித் என்ற விஞ்ஞானி கவனித்தபோது, ஆணே உடம்பை ஆட்டிப் பெண்ணை வரவழைப்பது தெரிந்தது. ஆனால் ஆசாமி கெட்டிக்காரன். தன் பிள்ளைகளைத்தான் சுமக்கிறோம் என்ற நிச்சயம் வேண்டாமா? ஓரிரு முட்டைகள் வைத்ததும் நிறுத்தி, மறுபடி கூடிய பிறகே அடுத்ததற்கு இடம் கொடுக்கிறான்.

முட்டை ஏறிவிட்டால் சிறகை விரித்துப் பறக்க முடியாது. நீர்மட்டத்துக்கு வந்து முட்டைகளுக்குக் காற்றுக் காட்ட வேண்டும். உள்ளே போய் உடம்பை அசைத்துத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அலட்சியம் செய்தால் முட்டைகள் மூச்சுமுட்டியோ உலர்ந்தோ சாகும்.

ஏன் இத்தனை பாடு? ஸ்மித் சொல்லும் காரணம் ரஸமானது. முட்டை பெரிதானால் குஞ்சும் பெரிது. பெரிய இரையை அடிக்கலாம். ஆனால் பெரிய முட்டைக்குத் தண்ணீருக்குள் பிராணவாயு போதாது. தகப்பன் பொறுப்பேற்றதால்தான் இந்த வம்சத்தில் முட்டை பெருக்க முடிந்தது என்கிறார். இதன் பெரிய பங்காளியான லெத்தோசெரஸ், நீருக்கு மேலே செடித் தண்டில் முட்டையிடும்; அங்கே தகப்பன் ஏறி ஏறி ஈரம் செய்கிறான்.

இதில் பெண்களின் கையும் உண்டு. ஜப்பானியப் பூச்சிகளை வைத்து 2016-ல் வெளியான ஆராய்ச்சியில், முதுகில் ஏற்கெனவே முட்டை சுமக்கும் ஆணையே பெண்கள் அதிகம் நாடின.

ஏரியில் கண்டால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கையில் எடுத்தால் தகப்பனார் சுருக்கென்று கடித்துவிடுவார்.