கை நடுக்கம் நிற்கும்... தடுமாற்றம் நிற்குமா? பார்கின்சன் ஆபரேஷனுக்கு முன் தெரிஞ்சுக்க வேண்டியது!

ராஜபாளையம் அய்யனார் கோவில் ஆற்றுப் பாறையில் கால் வழுக்கினால், நாம் யோசிக்கும் முன்பே உடம்பு சுதாரித்துவிடும். பார்கின்சன் முற்றும்போது இந்த அனிச்சைச் செயல் மந்தமாகிவிடும். டாக்டர் பின்னால் நின்று தோளை இழுத்துப் பார்ப்பது இதைக் கண்டுபிடிக்கத்தான்.

ஆழ்மூளைத் தூண்டல் என்றால் என்ன?

மூளைக்குள் மெல்லிய மின்கம்பி, நெஞ்சுத் தோலுக்கடியில் பேட்டரி. 1987-ல் பிரான்ஸ் டாக்டர் பெனாபிட் நடுக்கத்துக்காகத் தொடங்கிய முறை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்திலும் செய்கிறார்கள்.

எது சரியாகும்?

நடுக்கம், விறைப்பு நல்லாவே குறையும். ஆனால் மாத்திரைக்கு அடங்காத தடுமாற்றம் பெரும்பாலும் இதற்கும் அடங்காது.

அதனால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்க: "கீழே விழுறது குறையுமா?" நடுக்கம் நின்னுடுச்சேன்னு உடனே தனியா நடக்க விட்டுடாதீங்க.