இழந்த கப்பல்களின் கணக்கு

1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் நாயகக் கப்பல் எண்டர்பிரைஸ். அதை அறிமுகப்படுத்துகிறவர்கள் வழக்கமாக அதன் ஆற்றலைத்தான் முதலில் சொல்வார்கள்: ஒளியை மிஞ்சி ஓடும் வார்ப் எந்திரம், ஃபேசர் கதிர், ஃபோட்டான் டார்பிடோ. இவை போன்றவை அக்காலத்து மற்ற விண்வெளிக் கதைகளிலும் வேறு பெயர்களில் உண்டு. அவற்றின் கப்பல்களை இன்று யாரும் தேடுவதில்லை. எண்டர்பிரைஸ் சேர்ந்திருக்கும் ஸ்டார்ஃப்ளீட் என்ற கற்பனைப் படையை மட்டும் மூன்று தலைமுறை ரசிகர்கள் உண்மையான கடற்படை போலப் பாவித்து, கப்பல் கப்பலாக வரலாறு எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் அந்தப் படையின் வலிமை அல்ல. தன் கப்பல்களை அது உண்மையிலேயே இழந்தது, இழந்தவற்றைப் பெயர் சொல்லிக் கணக்கில் வைத்தது. அந்தப் படையை நம்பவைப்பது இதுதான் என்று கருதுகிறேன்.

முதலில் பொறியைப் பார்த்துவிடலாம். எண்டர்பிரைஸை வரைந்த மேட் ஜெஃப்ரிஸ் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர். எந்திரத்தின் அருகே வாழ்வது என்னவென்று அறிந்தவர். ஒளியை மிஞ்சும் எந்திரம் ஆபத்தானதாகத்தான் இருக்கும் என்று கணித்து, இரண்டு எந்திரங்களையும் நீண்ட தாங்கிகளின் மேல் ஏற்றி, ஆட்கள் இருக்கும் வட்டத் தட்டிலிருந்து விலக்கி வைத்தார். பழுது பார்ப்பதைக் கப்பலுக்குள்ளிருந்தே செய்வார்கள் என்பதால் வெளிப்புறத்தை வழவழப்பாக விட்டார். தூரத்தில் ஒன்றோடொன்று குழம்பும் 3, 6, 8, 9 ஆகிய இலக்கங்களைத் தவிர்த்து 1701 என்ற எண்ணை எழுதினார். படப்பிடிப்புக்காகச் செய்த மரமும் உலோகத் தகடும் பிளாஸ்டிக்கும் கலந்த 3.4 மீட்டர் நீள மாதிரி இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விளக்குகளுக்கான கம்பிகள் இடப்பக்கமாக வெளியே வந்ததால், கேமரா எப்போதும் வலப்பக்கத்தையே பார்த்தது. சிந்தித்துச் செய்த வடிவம்தான், சந்தேகமில்லை. ஆனால் நல்ல வடிவம் ஒரு கப்பலைத்தான் தரும். கப்பற்படைக்கு வேறொன்று வேண்டும்.

அது பெயர்களில் தொடங்குகிறது. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி பசிபிக் போர்முனையில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். 1964-இல் அவர் எழுதிய முதல் திட்ட வரைவில் கப்பலின் பெயர் யார்க்டவுன். அவர் தலைமுறைக்கு அது வெறும் ஊர்ப்பெயர் அல்ல. 1942 மே மாதம் பவளக் கடல் போரில் லெக்சிங்டன், ஜூனில் மிட்வே போரில் யார்க்டவுன், அக்டோபரில் ஹார்னெட் என்று அமெரிக்கா விமானந்தாங்கிக் கப்பல்களை வரிசையாக இழந்தது. அப்போது கட்டுமானத் தளங்களில் வேறு பெயர்களோடு உருவாகிக்கொண்டிருந்த கப்பல்களுக்கு மூழ்கியவற்றின் பெயர்களை மாற்றிச் சூட்டினார்கள். 1943-இல் மூன்று பெயர்களும் மீண்டும் கடலில் இருந்தன. நம் கடற்படையும் 1997-இல் ஓய்வுபெற்ற விக்ராந்தின் பெயரை, கொச்சியில் கட்டி 2022-இல் பணியில் சேர்த்த கப்பலுக்குத் தந்தது. கப்பல் போனாலும் பெயர் பணியில் தொடரும் என்ற இந்த மரபை ஸ்டார்ஃப்ளீட் அப்படியே எடுத்துக்கொண்டது. 1968-இல் வந்த ஒரு கதையில், கணினியிடம் ஒப்படைக்கப்பட்ட எண்டர்பிரைஸ் போர்ப் பயிற்சியின் நடுவே சொந்தப் படையின் நான்கு கப்பல்களை நிஜமாகவே தாக்குகிறது. அவற்றின் பெயர்கள் லெக்சிங்டன், ஹூட், பொடெம்கின், எக்ஸ்கேலிபர். 1941 மே 24-இல் வெடித்து மூழ்கிய பிரிட்டனின் ஹூட் கப்பலில் இருந்த 1,418 பேரில் பிழைத்தவர்கள் மூன்றே பேர். பனிப்போரின் உச்சத்தில் பிரிட்டிஷ், அமெரிக்க, ரஷ்யக் கப்பல்களின் பெயர்களை ஒரே அணியில் நிறுத்திய துணிவைப் பாராட்டத்தான் வேண்டும்.

இனி இழப்புகள். 1967-இல் ஒளிபரப்பான ஒரு கதையில் எண்டர்பிரைஸின் உடன்பிறப்பான கான்ஸ்டலேஷன் சிதைந்து மிதக்கிறது. உள்ளே தளபதி டெக்கர் மட்டும் உயிரோடிருக்கிறார். தன் ஆட்களைக் காப்பதாக எண்ணி அனைவரையும் பக்கத்துக் கோளில் இறக்கிவிட்டவர் அவர். கப்பலைச் சிதைத்த எதிரிப் பொறி அந்தக் கோளையே தின்றுவிட்டது. 1990-இல் வந்த ‘எண்டர்பிரைஸ்-சி’ கதை இன்னும் ஆழமானது: பகை நாடான கிளிங்கானின் புறக்காவல் நிலையம் ஒன்றைக் காக்க, சாவது உறுதி என்று தெரிந்தே அந்தக் கப்பல் போருக்குத் திரும்புகிறது, அந்தத் தியாகமே இரு பகை நாடுகளின் அமைதிக்கு அடித்தளமாகிறது. அதே ஆண்டு வந்த மற்றொரு கதையில், வுல்ஃப் 359 என்ற இடத்தில் நடந்த போரில் 39 கப்பல்களும் ஏறத்தாழ 11,000 உயிர்களும் போயின. மூன்றாண்டுகள் கழித்து வேறொரு ‘ஸ்டார் ட்ரெக்’ தொடர், அந்தப் போரில் அழிந்த சரடோகா கப்பலில் மனைவியைப் பறிகொடுத்த அதிகாரி சிஸ்கோவோடுதான் தொடங்கியது. ஒரு தொடரில் நேர்ந்த சேதத்தின் துக்கத்தை அடுத்த தொடர் சுமக்கிறது. படை வரலாறு என்பது இப்படித்தான் உருவாகும்.

ஸ்டார்ஃப்ளீட் போர்ப்படையே அல்ல, ஆய்வு அமைப்பு என்று கதாபாத்திரங்களே அடிக்கடி சொல்வதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். உண்மைக் கடற்படைகளும் இரண்டையும் செய்தவையே. டார்வின் சென்ற பீகிள் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிக் கடலியலுக்கு அடித்தளமிட்ட சேலஞ்சரும் அப்படியே. வெற்றிடத்துக்குக் கடல் மரபு எதற்கு என்ற கேள்வியும் உண்டு: அங்கே அலையும் இல்லை, அடிவானமும் இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் வீடு திரும்பாத பயணம், மேலிடத்து உத்தரவு வந்து சேரும் முன்பே முடிவெடுக்க வேண்டிய தலைவர், ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து ஒன்றாகச் சாகக்கூடிய நானூறு பேர் எல்லாம் நெடுங்கடல் கப்பலின் வாழ்க்கை. விமானப்படையில் இதற்கு இணை இல்லை.

கனமான மறுப்பு வேறு. இந்த வரலாறு பணத்தட்டுப்பாட்டில் விளைந்த தற்செயல் என்பது அது. சான்றும் வலுவானது: கான்ஸ்டலேஷனாகத் திரையில் தெரிந்தது கடையில் விற்ற பிளாஸ்டிக் பொம்மைக் கப்பல். பெட்டியிலிருந்த 1701 என்ற ஒட்டெழுத்துகளையே இடம் மாற்றி 1017 ஆக்கினார்கள். வுல்ஃப் 359 சிதைவுகளும் பல மாதிரிகளின் துண்டுகளைச் சேர்த்து ஒட்டியவை. இந்த உண்மைகளை ஒப்புக்கொள்கிறேன். அவற்றிலிருந்து எடுக்கும் முடிவைத்தான் ஏற்கவில்லை. 1017 ஏன் அவ்வளவு சிறிய எண், அது பழைய கப்பலோ என்று ரசிகர்கள் பல்லாண்டுகளாக ஆராய்ந்தது அந்த எண்ணின் அழகுக்காக அல்ல, அந்தக் கப்பலில் ஆட்கள் செத்தார்கள் என்பதற்காக. பொம்மையைச் சிக்கனம் தந்தது. அதற்கு மரணத்தைத் தந்தது எழுத்து.

எதிர்ப்புறச் சோதனையும் நடந்துவிட்டது. 2020-இல் ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையில் வந்த ‘பிக்கார்ட்’ தொடரின் முதல் பருவம் முடியும்போது, கணினி வரைகலைக்குப் பஞ்சமில்லாத காலத்தில், ஸ்டார்ஃப்ளீட்டின் பெரும் அணி ஒன்று திரையை நிறைத்து வந்தது. எல்லாம் ஒரே அச்சில் வார்த்த கப்பல்கள். பலத்தில் எந்தக் குறையும் இல்லை, ஆனால் அதுவரை கப்பல் கப்பலாகக் குறிப்பெடுத்தவர்களே நகலெடுத்து ஒட்டிய அணி என்று அதைக் குறைகூறினார்கள். அடுத்த பருவத்தின் முதல் கதையிலேயே தயாரிப்பாளர்கள் பல வகைக் கப்பல்களைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி அணிவகுக்க வைத்தார்கள்.