நாட்டச் சோதனையும் கல்வி அடைவும்: எஸ்.ஏ.டி. தேர்வின் வரலாறு உணர்த்துவது

கல்வி உளவியலில் நாட்டம் என்பது ஒருவர் இனிக் கற்கக்கூடிய ஆற்றலையும், அடைவு என்பது அவர் ஏற்கெனவே கற்றதையும் குறிக்கும். இவ்விரண்டையும் முற்றிலும் பிரித்து அளக்க இயலுமா என்னும் வினாவுக்கு அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்.ஏ.டி.யின் வரலாறு தக்க சான்றாகும்.

1926-இல் முதன்முதலாக நடத்தப்பட்ட இத்தேர்வு, முதல் உலகப்போரில் படைவீரர்களுக்கு நடத்தப்பட்ட நுண்ணறிவுச் சோதனைகளின் வழிவந்தது. இதனை உருவாக்கிய உளவியலாளர் கார்ல் பிரிகாம், அப்படைச் சோதனைகளைக் கொண்டு இனங்களுக்கிடையே பிறவி அறிவு வேறுபாடு உண்டென 1923-இல் நூல் எழுதியவர். 1930-இல் அம்முடிவு அடிப்படையற்றது என அவரே மறுத்தார். பள்ளிக்கல்வி, குடும்பப் பின்னணி, ஆங்கிலப் பயிற்சி ஆகியனவும் மதிப்பெண்ணில் கலந்துள்ளன எனப் பின்னர் எழுதினார்.

தொடக்கத் தேர்விலேயே எதிர்ச்சொல் வினாக்கள் இடம்பெற்றிருந்தன. ஒரு சொல்லை முன்பே அறியாத மாணவர் அதன் எதிர்ச்சொல்லைக் கூற இயலாது. தேர்வின் பெயரிலிருந்த நாட்டத்தைக் குறிக்கும் ‘ஆப்டிட்யூட்’ என்னும் சொல்லும் 1990-களில் கைவிடப்பட்டது.

எனவே, நாட்ட மதிப்பெண்ணில் முந்தைய அடைவும் அடங்கியுள்ளது எனக் கொள்வதே பொருத்தமாகும். குறைந்த மதிப்பெண் பெற்றவரிடம் ஆற்றல் இல்லை என முடிவு செய்யுமுன், அவருக்குக் கிடைத்த கல்வியை ஆராய்தல் வேண்டும்.