உடலகத்துக் காவல்

உடல் காவலுடைய நகர் போன்றது. அந்நகருட் புகும் பகைகளுள் மிக நுண்ணியது வைரசு. அஃது உயிரணுவினுள் நுழைந்து, அவ்வணுவின் பொருள்களைக் கொண்டே தன்னினத்தைப் பெருக்கும். பல வைரசுகள் பெருகுங்கால் நீண்ட இரட்டை இழை ஆர்.என்.ஏ. தோன்றும். நலமுள்ள உயிரணுவில் அது மிக அரிதாதலின், அங்குள்ள உணர்புரதங்கள் அதனை அயலதென அறியும்.

உடனே அவ்வணு இன்டர்பெரான் என்னும் புரதத்தைச் சுரந்து அண்டை அணுக்களை எச்சரிக்கும். 1957-இல் இலண்டனில் ஐசக்சும் லிண்டன்மனும் இப்புரதத்தைக் கண்டறிந்தனர். உடன் சுரக்கும் வேறு புரதங்கள் குருதி நாளங்களை விரித்து வெள்ளணுக்களை வரவழைக்கும். அதனால் அவ்விடம் சிவந்து, வெப்பமுற்று, வீங்கி, வலிக்கும். இதுவே அழற்சி.

அழற்சி உடலைக் காப்பதாயினும், அளவு கடப்பின் உடலையே கெடுக்கும். 2020-இல் கொரோனா நோய் முற்றி மூச்சுக் கருவியின் துணையால் உயிர்தரித்தோருட் பலரை, அழற்சி தணிக்கும் டெக்சாமெதசோன் மருந்து சாவினின்று காத்தது. காவலுக்கும் அளவு வேண்டும்.